மட்டக்களப்பில் இடிக்கப்பட்ட அந்த டான்ஸ் ஹோலும் அங்கே வாசித்த பாண்டும்

கேள்வி சுருக்கமாக இதுதான்: "என் அம்மம்மா மட்டக்களப்புப் பறங்கியர். இளம் வயதில் புளியந்தீவில் ஒரு டான்ஸ் ஹோலுக்குப் போய் விடிய விடிய ஆடியதாகச் சொல்கிறார். அந்த இடத்தில் இப்போது கடைத்தொகுதி நிற்கிறது. அங்கே என்ன வாசித்தார்கள், எப்படி ஆடினார்கள்? ஹோலை இடித்ததால்தான் எல்லாம் நின்றுபோனதா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் ஊரில் பலரும் இதைத் தலைகீழாகத்தான் சொல்கிறார்கள். ஹோல் இடிந்ததால் ஆட்டம் நிற்கவில்லை. ஆட்டத்துக்கு வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து, ஹோல் கதிரை அடுக்கி வைக்கும் இடமாக மாறிய பிறகுதான் அதை இடித்தார்கள். 1970களில் அந்த மேடையின் பின்வரிசையில் கிற்றாருடன் நின்றவன் நான். பறங்கியர் (போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்தவர்) இல்லை, கோட்டைமுனைத் தமிழ்ப் பொடியன். பாண்டில் ஆள் குறைந்த ஓர் இரவு கூப்பிட்டார்கள். அப்புறம் அது வழக்கமாகிவிட்டது.

அம்மம்மாவின் பேச்சைக் கேட்டு நீங்கள் பெரிய மாளிகை ஒன்றை மனதில் கட்டியிருப்பீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. வாவிக்காற்று வந்து போகும்படி இரண்டு பக்கமும் வரிசையாகக் கதவுகள், உயரமான ஓட்டுக்கூரை, ஒரு முனையில் முழங்கால் உயர மேடை, மறுமுனையில் பட்டீஸும் கட்லட்டும் கேக்கும் வைக்கும் நீள மேசை. தரை சிவப்புச் சீமெந்து. அந்தத் தரையைத்தான் எல்லாரும் கண்ணாகப் பார்த்துக்கொள்வார்கள். டான்ஸ் இருக்கும் நாளில் மத்தியானமே கழுவிக் காயவிட்டு, மெழுகுதிரியைச் சீவித் தூவி, சின்னப் பிள்ளைகளைச் சாக்கில் இருத்தி அங்குமிங்கும் இழுப்பார்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பெரியவர்களுக்கு மெழுகு சீமெந்தில் ஏறவேண்டும். சரியாக ஏறினால் சப்பாத்து வழுக்கும், ஆள் விழமாட்டார். கூடிப்போனால் முதல் வோல்ட்ஸிலேயே யாராவது ஒருவர் தரையில் இருப்பார்.

சுவரோரக் கதிரைகளில் அம்மாமாரும் அன்ரிமாரும். எந்தப் பெட்டை எந்தப் பொடியனோடு தொடர்ந்து ஆடுகிறாள் என்ற கணக்கு முழுவதும் அந்த வரிசையில்தான் நடக்கும். கலியாணப் பேச்சுகள் பாதி அங்கேயே தொடங்கிவிடும். உங்கள் அம்மம்மாவிடம் இதைக் கேட்டால் சிரிப்பார் என்று நினைக்கிறேன்.

ஆடியவர்கள் பெரும்பாலும் பறங்கியர்தான். போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டியது 1628இல். 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்துவிட்டார்கள். இத்தனை குறுகிய காலம் இருந்தவர்களின் மொழி எப்படி இன்றுவரை சில வீடுகளில் பேசப்படுகிறது என்று வெளியூர்க்காரர் ஆச்சரியப்படுவார்கள். ஒல்லாந்தர் காலத்திலும் கரையோரத் துறைமுக ஊர்களில் எல்லாருக்கும் பொதுவான பேச்சாகக் கிரியோல் போர்த்துக்கேயம், அதாவது உள்ளூர்ப் பேச்சோடு கலந்த போர்த்துக்கேயம்தான் இருந்தது. ஒல்லாந்தர் வீடுகளுக்குள்ளேயே அது புழங்கியது. பிறகு கொழும்புப் பக்கத்துப் பறங்கியர் ஆங்கிலத்துக்கு மாறி, சட்டத்தரணி, வைத்தியர், கந்தோர் உத்தியோகம் என்று போனார்கள். மட்டக்களப்புப் பறங்கியரில் பெரும்பாலோர் கைத்தொழிலாளர்: தச்சு, கொல்லு, தையல், சப்பாத்து, பிற்பாடு மோட்டார் மெக்கானிக் வேலை. வீட்டில் கிரியோல், தெருவில் தமிழ். இந்த இரண்டு வகைப் பறங்கியருக்கும் இடையிலான தூரத்தை, அக்கரைப்பற்றிலும் மட்டக்களப்பிலும் வந்து தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே விரிவாக எழுதியிருக்கிறார்.

ஹோலில் நடந்ததை விளங்கிக்கொள்ள இது தெரிந்திருக்க வேண்டும். "மேல்நாட்டு ஆட்டம், பணக்காரர் பொழுதுபோக்கு" என்று சிலர் இன்றைக்கு எழுதுவது எங்களூருக்குப் பொருந்தாது. மேடையில் நின்றவர்கள் பகல் முழுக்கச் சீவுளியும் சுத்தியலும் பிடித்தவர்கள். வயலினின் பாலம் சாய்ந்தால் கடைக்கு அனுப்பமாட்டார்கள். பட்டறையிலேயே ஒரு பலகைத்துண்டைச் செதுக்கி வைத்துவிடுவார்கள். கலியாண மாப்பிள்ளையின் கோட்டைத் தைத்தவரே அன்றிரவு மண்டலின் வாசிப்பார். சம்பளம் என்று பெரிதாக எதுவும் இல்லை. சாப்பாடு, கொஞ்சம் சாராயம், வீட்டுக்குப் போகும்போது கையில் ஏதோ சில்லறை.

கத்தோலிக்கர் என்பதால் டான்ஸுக்குப் பருவம் உண்டு. திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் கலியாணமும் இல்லை, ஆட்டமும் இல்லை. நத்தாரிலிருந்து விபூதிப் புதன் வரைக்கும் ஒரு பருவம், உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு இன்னொன்று. முதல் பருவம் எங்கள் மாரிமழையோடு வரும். இந்த மழையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஹோலின் கதையில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இனி ஆட்டம். ஒன்பது மணிபோலத் தொடங்கும். முதலில் வோல்ட்ஸ், ஃபொக்ஸ்ட்ரொட், குயிக்ஸ்டெப். இலங்கை வானொலியில் கேட்டுப் பிடித்த மெட்டுகள். இசைத்தாள் யாரிடமும் இல்லை, இருந்தாலும் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரோ இருவரோதான். இந்தப் பகுதி கொழும்பிலோ கண்டியிலோ நடந்ததைப் போலத்தான் இருக்கும். இதில் எங்களுக்கென்று ஒன்றும் இல்லை.

நடுவில் லான்சர்ஸ் வரும். நான்கு சோடிகள் சதுரமாக நின்று ஆடும் பழைய ஆட்டம், 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியரிடமிருந்து வந்தது. ஐந்து பகுதிகள். ஒவ்வொரு பகுதியையும் சோடிகள் முறைக்கு முறை முன்னின்று ஆட வேண்டும். ஒரு பகுதி முடிந்ததும் இசை நிற்கும். எல்லாரும் மூச்சு வாங்கிச் சேலையையும் கவுனையும் சரிசெய்த பிறகு அடுத்தது தொடங்கும். அடுத்து கைகோக்க வேண்டுமா, கிறுக வேண்டுமா, எதிர்ச்சோடியோடு இடம் மாற வேண்டுமா என்று ஒருவர் நின்று சத்தம் போட்டுச் சொல்வார். அவருடைய குரல் பாண்டை விடப் பெரிதாக இருக்க வேண்டும், பிழை விடுகிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் துணிவும் வேண்டும். முதலாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் இந்த ஆட்டம் பாட்டன்மார் காலத்துச் சங்கதியாகிப் போனது. மட்டக்களப்பில் கலியாண வீடுகளில் விடாமல் ஆடினார்கள்.

நள்ளிரவு தாண்டிய பிறகுதான் காப்ரிஞ்ஞாவும் அதன் வழியில் வந்த பைலாவும். கோட் கழன்று கதிரையில் தொங்கும். சுவரோரத்து அன்ரிமாரே எழும்பிவிடுவார்கள். போர்த்துக்கேயர் தங்கள் படையோடு கொண்டுவந்த ஆபிரிக்கர்களின் தாளமும், ஐரோப்பிய வயலின் மெட்டும், கிரியோல் பாட்டும் கூடிப் பிறந்த இசை காப்ரிஞ்ஞா. அந்த ஆபிரிக்க வழியினர் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் இன்றும் வாழ்கிறார்கள். அவர்கள் மாஞ்ஞா என்று பாடி ஆடுவதும் நம்முடையதும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

அதன் தாளத்தை எழுத்தில் சொல்லப் பார்க்கிறேன். வாயால் "தகிட தகிட" என்று விடாமல் சொல்லுங்கள். ஆறு அட்சரம், மூன்று மூன்றாக இரண்டு கட்டு. அதுதான் அடித்தளம், மிருதங்கக்காரர் திஸ்ரம் என்பார். இப்போது அதே ஆறை இரண்டு இரண்டாக "தக தக தக" என்று பிரியுங்கள். காப்ரிஞ்ஞாவில் இந்த இரண்டு பிரிப்பும் ஒன்றின் மேல் ஒன்று ஓடும். றபான் (கையால் தட்டும் ஒருபக்கத் தோல்பறை) ஒரு பிரிப்பைப் பிடித்தால் கிற்றார் மற்றதைப் பிடிக்கும், அல்லது ஒரே ஆள் ஒரு சுற்று இப்படியும் அடுத்த சுற்று அப்படியும் போவார். ஆடுகிறவரின் கால் ஒன்றோடு போக, இடுப்பும் தோளும் மற்றதோடு போகும். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் செய்வது இந்த இழுபறிதான். கிற்றார் கோட் (chord) என்று பார்த்தால் இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஒரு மாதத்தில் எவரும் பழகிவிடலாம். அந்த இழுபறியைக் கையில் கொண்டுவர வருடக்கணக்கில் எடுக்கும். எனக்கு வந்ததாக நான் சொல்லிக்கொள்வேன், எங்கள் வயலின்காரர் ஒருநாளும் சொன்னதில்லை.

பாண்டின் அமைப்பு காலத்துக்குக் காலம் மாறியது. பழைய ஆட்கள் நினைவில் வைத்திருந்தது வயலின், மண்டலின் அல்லது பான்ஜோ, கிற்றார், றபான், முக்கோணக் கம்பி. நான் போன காலத்தில் பொங்கோவும் சேர்ந்திருந்தது. எதைச் சேர்த்தாலும் குறைத்தாலும் தலைமை வயலினுக்குத்தான். வயலின்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பவர் இல்லை. மேடையின் விளிம்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று ஆடுபவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வயதான சோடி ஆடிக்கொண்டிருந்தால் வேகத்தை அரைப்பிடி இறக்குவார். பொடியன்மார் சூடாகிவிட்டால் ஏற்றுவார். லான்சர்ஸில் ஒரு சோடி தடுமாறி இடம் தவறிவிட்டால், அவர்கள் திரும்பிச் சேரும்வரை அதே எட்டுச் சுற்றை இன்னொரு முறை வாசிப்பார். ஆடுபவருக்கு அது தெரியவே தெரியாது. எங்களுக்கு அவர் வில்லை ஒருதரம் உயர்த்துவதுதான் சைகை.

மட்டக்களப்பில் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கூத்து வடமோடி வகையோ தென்மோடி வகையோ, களரி என்ற ஆடுகளத்தில் மத்தளத்தோடு நிற்கும் அண்ணாவியாரின், அதாவது கூத்தைப் பழக்கியவரின், கண் கூத்தரின் காலில்தான் இருக்கும். ஆட்டக்காரர் வரவில் ஒரு தாளக்கட்டை நீட்டினால் மத்தளமும் நீளும். வயல் ஓரத்துக் களரியும் சிவப்புச் சீமெந்து ஹோலும் ஒன்றையொன்று பார்த்துப் பழகின என்று நான் சொல்ல வரவில்லை. ஆடுபவரைப் பார்த்து வாசிப்பது என்ற ஒழுக்கம் இரண்டிலும் இருந்தது. அது இருந்த இடத்தில்தான் ஆட்டமும் இருந்தது. உங்கள் கேள்விக்கான பதில் என்று கேட்டால் எனக்கு இதைவிடச் சொல்வதற்கு அதிகம் இல்லை. எது எப்போது அறுந்தது என்பதுதான் மிச்சக் கதை.

பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிரியோல் பாட்டுகள் பெரும்பாலும் நாலு நாலு வரி. காதல், கிண்டல், ஏச்சு, கொஞ்சம் பச்சை. ஒருவர் ஒன்றைப் பாடி முடிக்க, எதிரில் இருப்பவர் பதிலுக்கு இன்னொன்றை எடுத்து விடுவார். பாதி பாட்டன் காலத்துப் பாட்டு, பாதி அந்த நிமிடத்தில் கட்டியது. எனக்குக் கிரியோல் முழுவதும் விளங்காது. ஆனால் கேட்டவுடனே அந்நியமாகவும் படவில்லை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வயல்வெளிகளில் தமிழரும் முஸ்லிம்களும் சொல்லும் கவியும் நாலு வரிதான். மச்சானும் மச்சியும் மாறி மாறிச் சொல்லும் அந்தக் கிண்டல் எங்கள் காதுக்குப் பழக்கம். சில இரவுகளில் காப்ரிஞ்ஞா மெட்டில் தமிழ்க் கவி ஒன்றை யாராவது எடுத்துவிட, ஹோலே சிரித்து அடங்க நேரம் எடுக்கும்.

வெளியில் நின்றவர்களையும் சொல்ல வேண்டும். அழைப்பு இல்லாத தமிழ், முஸ்லிம் பொடியன்மார் கதவோரத்திலும் மதிலிலும் நின்று பார்ப்பார்கள். நானும் பாண்டில் சேருவதற்கு முன்னர் மதில் ஆள்தான். 1970களில் இலங்கைத் தமிழ் பொப் என்று ஒரு அலை கிளம்பியபோது எங்களுக்கு அந்தத் தாளம் புதிதாக இல்லாததற்கு அந்த மதில்தான் காரணம். ஏ. ஈ. மனோகரன் பாடிய சுராங்கனி பைலாத் தாளம். நித்தி கனகரத்தினத்தின் சின்ன மாமியே கூட அந்த வழியில் வந்ததுதான். நித்தி யாழ்ப்பாணத்துக்காரர், ஆனால் அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். ஆகவே தமிழ் பொப்பின் கதையில் கிழக்கு மாகாணத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்று நாங்கள் உரிமை கொண்டாடுவோம்.

1970 முதல் 77 வரை இறக்குமதி இறுகியிருந்த காலம். கிற்றார் தந்தி கிடைக்காது. பழைய தந்தியைக் கழற்றித் தண்ணீரில் கொதிக்கவைத்து, துடைத்து மறுபடி பூட்டுவோம். கொஞ்ச நாளைக்கு ஒலி திரும்பி வரும். மெல்லிய தந்தி அறுந்தால் சைக்கிள் பிரேக் வயரில் ஒரு இழையைப் பிரித்துக் கட்டினவர்களும் உண்டு. விரல் கிழியும். ஆனாலும் நேரடி இசைக்கு அதைவிட நல்ல காலம் வரவில்லை, ஏனென்றால் வேறு வழியே இல்லை. ஆட வேண்டுமென்றால் யாராவது வாசித்தாக வேண்டும்.

இங்கே ஒரு கட்டுக்கதையையும் ஓரமாக வைத்துவிடுகிறேன். மட்டக்களப்புக்கு வந்த அமெரிக்க இயேசு சபைக் குருமார் ஜாஸ் இசையைக் கொண்டுவந்தார்கள், அதனால்தான் டான்ஸ் பாண்டுகள் வளர்ந்தன என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் இயேசு சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து வந்தார்கள் என்பது உண்மை, நியூ ஓர்லியன்ஸ் ஜாஸ் பிறந்த ஊர் என்பதும் உண்மை. ஆனால் எங்களூரில் அவர்கள் ஆழமாக ஊன்றியது கூடைப்பந்தை. அருட்தந்தை வெபரின் பெயரில் இன்றும் மைதானம் இருக்கிறது. அவர்களில் அருட்தந்தை லாங் கல்லடிப் பாலத்தடியில் கேட்கும் பாடும் மீன்களின் ஒலியைப் பதிவு செய்து வானொலிக்குக் கொடுத்தவர். காப்ரிஞ்ஞா அவர்கள் வருவதற்கு நூறு நூறு வருடங்களுக்கு முன்பே இங்கே இருந்தது.

சரி, எப்படி நின்றது?

1977இல் இறக்குமதி திறந்தது. தந்தி வந்தது, அம்ப்ளிஃபயர் வந்தது, கூடவே கசெற் ரெக்கோடரும் வந்தது. முதல் வருடம் கசெற் இடைவேளைக்கு மட்டும்தான். அப்புறம் செலவு பார்க்கும் வீடுகள் லான்சர்ஸுக்கு மட்டும் பாண்டைக் கூப்பிட்டு, மிச்சத்தைக் கசெற்றிலேயே ஓட்டின. கசெற் யாருடைய காலையும் பார்க்காது என்பதை அப்போது யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி. அந்த இரவை அனுபவித்த மட்டக்களப்பார் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தென்னந்தோப்புகள் படுத்துக்கிடந்தன, வீட்டுக்கூரைகள் எங்கெங்கோ போயிருந்தன. ஹோலின் ஓட்டுக்கூரையும் போனது. அடுத்த வருடம் காசு சேர்த்துக் கூரை போட்டார்கள், ஆனால் தகரம். இதைச் சின்ன விசயமாக நினைக்காதீர்கள். உயர்ந்த ஓட்டுக்கூரைக்குக் கீழே ஒரு வயலின் மைக் இல்லாமல் ஹோல் முழுக்கக் கேட்டது. தகரத்தின் கீழே ஒலி சிதறும். மாரிமழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, நம்முடைய நல்ல பருவமோ மாரியில்தான். ஆகவே எல்லாவற்றுக்கும் அம்ப் வைத்தோம். அம்ப் வந்ததும் கிற்றாரும் ட்ரம்ஸும் ஒலிபெருக்கியில் மேலே போய்விட்டன, வயலின் அடியில் போனது. அந்தக் காலத்து மைக்கில் வயலின் கீச்சென்றுதான் வரும். எங்கள் வயலின்காரர் இரண்டு பருவம் பொறுத்துப் பார்த்தார். பிறகு "எனக்குக் கேட்கல்ல மகன், எனக்கே கேட்காததை ஆடுறவனுக்கு எப்படிக் கேட்கும்" என்று சொல்லிப் பெட்டியை மூடிவிட்டார். என்னைக் கேட்டால் அந்த ஹோல் அன்றைக்கே பாதி இடிந்துவிட்டது.

ஆட்கள் போனது இன்னொரு பக்கம். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு ஆங்கிலம் பேசிய கொழும்புப் பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார்கள். எங்கள் ஊர்ப் பறங்கியருக்கு அது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 1973 வரை அங்கே வெள்ளையருக்கே குடியேற இடம் கொடுக்கும் "வெள்ளை அவுஸ்திரேலியா" கொள்கை. தமிழ் பேசும் கறுத்த தச்சனுக்கு அந்தக் கதவு திறக்காது. அதனால் மட்டக்களப்பு பாண்டுகள் கொழும்பு பாண்டுகளைவிட நீண்ட நாள் முழுசாக இருந்தன. பிற்பாடு, சண்டைக் காலத்தில்தான் நம்மவர்களும் கிடைத்த வழியில் போனார்கள்.

சண்டை. 1983க்குப் பிறகு இரவு என்பதே நம்மிடம் இல்லை. ஒன்பது மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஆடுகிற ஒன்றை ஊரடங்குச் சட்டத்துக்குள் எப்படி வைப்பது? கலியாணம் காலையில், சாப்பாடு மத்தியானம், வெயில் சாயும் முன் எல்லாரும் வீட்டில். ஆட்டம் ஹோலை விட்டு வீட்டு முற்றத்துக்கும் பந்தலுக்கும் வந்தது. முற்றத்து மண்ணில் வோல்ட்ஸ் வழுக்காது, ஆனால் காப்ரிஞ்ஞா ஆடலாம். அதனால் முன்னிரவுச் சங்கதிகள் எல்லாம் கழன்று, பின்னிரவு ஆட்டம் மட்டும் மிஞ்சியது. இதை நான் நட்டமாகக் கணக்குப் போடமாட்டேன். வோல்ட்ஸ் உலகமெங்கும் இருக்கிறது. 1990 ஜூனுக்குப் பிறகு அந்த முற்றத்து ஆட்டமும் கொஞ்சக் காலம் இல்லை. அந்த வருடத்தைப் பற்றி இங்கே எழுத விருப்பமில்லை.

ஹோல் அந்த வருடங்களில் பல கைமாறியது. ஆட்கள் வந்து தங்கினார்கள், மூட்டை வைத்தார்கள், பூட்டினார்கள். சீமெந்துத் தரை வெடித்துப் புல் வந்தது. 2007இல் கிழக்கில் சண்டை ஓய்ந்து, புளியந்தீவில் காணிவிலை ஏறத் தொடங்கியதும் விற்றார்கள், இடித்தார்கள். எதிர்த்து ஒரு குரல் வரவில்லை என்று பிற்பாடு குறைபட்டவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரும் அதற்கு முந்திய இருபது வருடத்தில் அதற்குள் காலடி வைத்தவர்கள் இல்லை. விற்றவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது.

ஹோலைவிட என்னை உலுக்கியது 2004 டிசம்பர் 26. கல்லடியை அடுத்த டச்பாரில் கடலோரம் பறங்கியர் குடும்பங்கள் நெருக்கமாக இருந்தார்கள். நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த அலையில் போனவர்களில் பாட்டும் லான்சர்ஸ் ஒழுங்கும் தலையில் வைத்திருந்த மூத்தவர்களும் இருந்தார்கள். கட்டடம் போனால் படம் பார்த்தாவது திரும்பக் கட்டலாம். எந்தச் சுற்றை எப்போது இரண்டாம் முறை வாசிக்க வேண்டும் என்று தெரிந்தவர் போனால் யாரிடம் போய்க் கேட்பது?

இருந்தாலும் எல்லாம் முடிந்துவிட்டது என்று அம்மம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். மட்டக்களப்புப் பறங்கியர் கலியாணங்களில் காப்ரிஞ்ஞா இன்னும் ஆடுகிறார்கள். சில வீடுகளில் வயலினும் வருகிறது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆய்வாளர்களும் சும்மா இருக்கவில்லை. 1970களில் இயன் ஸ்மித் நம்மவரின் கிரியோலை இலக்கணமாக ஆராய்ந்தார். கென்னத் டேவிட் ஜாக்சன் பாட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். பின்னாளில் லிஸ்பனிலிருந்து ஹியூகோ கார்டோசோவின் குழு வந்து பேச்சையும் பாட்டையும் ஆட்டத்தையும் காணொளியாகவே பதிந்து, அழிந்துவரும் மொழிகளுக்கான ஆவணக் காப்பகத்தில் வைத்திருக்கிறது. இணையத்தில் தேடினால் எட்டலாம். அம்மம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். முகம் தெரிந்தவர்களே வரக்கூடும்.

அவரிடம் நீங்கள் கேட்டு வைக்க வேண்டியவையும் உண்டு. "அந்தக் காலம் எப்படி இருந்தது" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்பதோடு முடிந்துவிடும். லான்சர்ஸில் நீங்கள் முதல் சோடியா பக்கச் சோடியா, சொல்லிக் கூப்பிட்டவர் எந்த மொழியில் கூப்பிட்டார், கடைசிப் பகுதியில் கை எந்தப் பக்கத்தால் போகும் என்று கேளுங்கள். எழும்பி நின்று காட்டச் சொல்லுங்கள். வாய்க்கு வராதது பல நேரம் காலுக்கு வரும். காட்டும்போது ஃபோனில் முகத்தை மட்டும் பிடிக்காமல் பாதமும் தெரியத் தள்ளி நின்று பிடியுங்கள். பாட்டு ஏதும் ஞாபகம் இருந்தால், அர்த்தம் தெரியாவிட்டாலும் ஒலியை அப்படியே பாடச் சொல்லிப் பதியுங்கள். அர்த்தத்தைப் பிறகு கிரியோல் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் கலியாணப் படங்கள் இருந்தால் மேடை தெரிகிற படங்களைத் தனியே எடுத்து வையுங்கள். மணமக்களைப் பிடிக்கும்போது பின்னால் பாண்டும் விழுந்திருக்கும். யார் என்ன வாத்தியம் பிடித்திருக்கிறார் என்று பார்த்தாலே அது சூறாவளிக்கு முந்தியதா பிந்தியதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஸ்கான் பண்ணும்போது படத்தின் பின்பக்கத்தையும் பண்ணுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் திகதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.